அபூசாலிக்கு மட்டும் பச்சை

"பச்சை எண்டா அடிக்கிற பச்சை வேணும்" என்றான் அஃப்ராஸ். "பார்த்த உடன கண்ணுல குத்தணும்."

கண்ணில் குத்துவதற்குப் புத்தகம் எதற்கு, ஓர் ஈர்க்குக் குச்சி போதாதா என்று ருஷ்தா நினைத்தாள். தாழைமுனைப் பள்ளிவாசலின் நூற்றாண்டு மலருக்கு அஃப்ராஸ்தான் செயலாளர். செயலாளராக வருவதற்கு அவனிடமிருந்த ஒரே தகுதி, நிர்வாக சபைத் தலைவர் மஸாஹிர் ஹாஜியாரின் மூத்த மகளைக் கட்டியது. புத்தளத்தில் ஏதோ ஒரு கம்பியூட்டர் வகுப்புக்குப் போய்ப் பாதியில் நின்றவன். முழுதாகப் படித்தவனைக்கூடச் சமாளிக்கலாம், இந்தப் பாதி வகுப்புக்காரனை ஆண்டவன்தான் சமாளிக்க வேண்டும். எதைச் சொன்னாலும் "அது ஒரு நிமிஷ வேலை" என்பான். அந்த ஒரு நிமிஷ வேலையை ஏன் அவனே செய்யவில்லை என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

பள்ளிவாசலோடு ஒட்டிய காரியாலயத்தில் மூவரும் இருந்தார்கள். ஹாஜியார் கைவைத்த கதிரையில். அவருக்கு உப்பளமும் லொறிகளும் தென்னந்தோட்டமும் உண்டு, அபிப்பிராயங்கள் அதைவிட அதிகம். வெளியே மதிலோரம் இரண்டு கழுதைகள் நின்று, காற்று இழுத்துவந்த கடதாசியை மென்றுகொண்டிருந்தன. கல்பிட்டிக் கரையில் கழுதைக்குப் பஞ்சமில்லை. காரியாலயத்துக்குள்ளும் இல்லை என்று ருஷ்தாவுக்குத் தோன்றியது.

அவள் கொழும்பில் உள்ள ஒரு கம்பனிக்கு வீட்டிலிருந்தே வேலை செய்பவள். தண்ணீர்ப் பம்பு, குளிர்பெட்டி, மா அரைக்கும் மெஷின் என்று இவற்றோடு வருகிற பாவனைக் கையேடுகளை எழுதி ஒழுங்குபடுத்துவது அவள் தொழில். பெட்டியைப் பிரித்தவன் முதலில் எறிவது அந்தக் கையேட்டைத்தான், அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் வேலை முறையில் ஒரு சுத்தம் இருந்தது. எழுத்துக்குள் நிறம் வைக்கமாட்டாள். ஒரு சொல்லுக்கு இருபுறமும் டேக் போட்டு, இது எச்சரிக்கை, இது பொத்தான், இது பாகத்தின் பெயர் என்று அது என்ன என்பதை மட்டும் குறித்து வைப்பாள். எச்சரிக்கை என்றால் சிவப்பு, பொத்தான் என்றால் நீலம் என்று சொல்வது ஸ்டைல்ஷீட் எனும் வேறொரு கோப்பு. எக்ஸ்எம்எல்லில் எழுதுகிறவர்களின் சுகமே இதுதான். புத்தகம் முழுக்கச் சிதறிக் கிடக்கிற சிவப்பை, ஓர் இடத்தில் கை வைத்து நீலமாக்கிவிடலாம். எல்லோரும் பாவிக்கிற பெரிய ஸ்டைல்ஷீட்டைத் தொடவும் தேவையில்லை. அதை அப்படியே வரவழைத்து, அதற்கு மேலே தன் சின்னக் கோப்பொன்றை வைத்து, தனக்கு வேண்டிய விதிகளை மட்டும் மாற்றிக்கொள்வாள்.

மலரையும் அந்த முறையில்தான் செய்தாள். ஊரிலுள்ள ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சிறு பத்தி: குடும்பத் தலைவர் பெயர், படம், தொழில், பள்ளிவாசலுக்குச் செய்த சேவை. ஒரே கோப்பிலிருந்து இணையத்துக்கும் போகும், அச்சுக்கும் போகும். இதை அஃப்ராஸுக்கு விளக்கப்போய் அவளுக்குத் தொண்டை வறண்டதுதான் மிச்சம். முதல் தடவை எடுத்துப் பார்த்தபோது இணையப் பக்கத்தில் தலைப்புகள் பச்சையாக வந்தன, அச்சுக்கான பிடிஎஃப்பில் எல்லாம் கறுப்பாக நின்றன. இணையத்துக்கு எழுதிய நிற விதி அச்சுக்குச் செல்லாது, அச்சுக்குத் தனியாக எழுத வேண்டும். அவ்வளவுதான் சங்கதி. அஃப்ராஸ் திரைக்குள் மூக்கை நுழைத்துப் பார்த்துவிட்டு, "வைரஸ் போல" என்றான்.

"கலர் விஷயத்தை நான் சொல்றன்" என்று ஹாஜியார் தொண்டையைச் செருமினார். "ஊருச் சனத்துர பேரெல்லாம் பச்சை. வந்த சனத்துர பேருக்கு வேற ஒண்டு. மண் கலர் மாதிரி."

"வந்த சனம் எண்டா ஆரு ஹாஜியார்?"

"தெரியாதா மகள்? அகதி ஆக்கள்தான்."

மீனுக்குப் பெயர் சொல்வதுபோலச் சொன்னார். கோபமில்லை, குரோதமில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது. தொண்ணூறில், சண்டைக் காலத்தில், மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வள்ளத்தில் வந்திறங்கிய சனம். அன்று கைக்குழந்தையாக வந்தவனுக்கு இன்று முன்தலை வழுக்கை. ருஷ்தா பிறந்ததே புத்தளத்தில்தான். ஆனாலும் அகதி. இந்த ஊரில் ஒரு கழுதை வழிதவறி வந்தால்கூட மறுமாரிக்குள் ஊர்க் கழுதையாகிவிடும், மனிதனுக்குத்தான் அந்தக் கொடுப்பினை இல்லை.

"எல்லார்ர பேரும் புத்தகத்துல இரிக்குத்தானே ஹாஜியார்? பிறகெதுக்கு ரெண்டு கலர்?"

"கலர்தானே மகள். கலர் என்ன பாரமா?"

"பாரமில்லாட்டி எல்லாருக்கும் ஒண்டையே போடுவம்."

ஹாஜியார் வயிறு குலுங்கச் சிரித்தார். "ஒண்டையே போட்டா ஆரு ஆரெண்டு எப்பிடித் தெரியும்?"

அஃப்ராஸும் சிரித்தான். மாமனார் தும்மினால்கூட அவன் சிரிப்பான். ருஷ்தா மடிக்கணினியை மூடிப் பைக்குள் வைத்து எழுந்தாள். வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாயும் திறந்துவிட்டாள். அப்போதுதான் ஹாஜியார் கையைக் காட்டினார்.

"இரிங்க, இரிங்க. உங்கட வாப்பாட கதை வேற. அபூசாலி எங்கட ஹவ்ளு கட்டின மனிசன். அவரு எங்கட ஆள் மாதிரி. அவர்ர பேரைப் பச்சையிலயே போடுங்க. நான் சொன்ன எண்டு போடுங்க."

இவ்வளவு நேரமும் பாய்ந்தவள் உட்கார்ந்துவிட்டாள்.

ஏன் உட்கார்ந்தாள் என்றால், அதற்கொரு காரணம் இருந்தது. அவள் வாப்பா அபூசாலி மேசன். பள்ளிவாசல் முற்றத்தில் தொழுகைக்கு முன் கை கால் கழுவி உளூச் செய்கிற அந்த ஹவ்ளுத் தொட்டியைக் கல் கல்லாக வைத்துக் கட்டியவர் அவர்தான். கூலி வாங்கவில்லை. அல்லாஹ்வின் வீட்டுக்குக் கூலி வாங்கினால் கை நாறும் என்றார். கட்டி முடித்த பிறகு ஊர்க்கூட்டமொன்றில், கழிவுத் தண்ணீர் போகிற கானைத் தெற்கே திருப்ப வேண்டும் என்று எழுந்து சொன்னார். முன்வரிசையிலிருந்து ஹாஜியாரின் மூத்த சகோதரர் திரும்பியும் பார்க்காமல், "அகதிக்கென்ன ஊர்க்கதை? உக்காரும்" என்றார். வாப்பா உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அந்தப் பள்ளிவாசலில் தொழுகைக்கன்றி வேறெதற்கும் அவர் வாய் திறந்ததில்லை. கடைசி வரிசையில் நின்று தொழுதுவிட்டு வந்துவிடுவார். பக்கத்து மத்ரஸாவின் ஜன்னலோரம் பள்ளிக்கூடச் சட்டையோடு நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தவள் ருஷ்தா. மீன்முள் சிக்கியதுபோல அந்த வார்த்தை அவள் தொண்டையில் இன்றுவரை நிற்கிறது. பிறகு எவ்வளவோ படித்தாள், உழைத்தாள். உள்ளுக்குள் இருந்த ஆசை ஒன்றே ஒன்றுதான்: இந்த ஊர் தன் வாயாலேயே வாப்பாவை ஊரார் என்று சொல்ல வேண்டும். இப்போது அந்த வாயே சொல்லிவிட்டது.

"சரி ஹாஜியார்" என்றாள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே வந்தாள். உப்பு மூட்டை, அறிவுகெட்ட மனிசன், பச்சைக்கும் பாசிக்கும் வித்தியாசம் தெரியாதவன் என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. திட்டுவதற்கு நல்ல சொற்கள் அவளிடம் எப்போதும் இருந்தன.

மறுநாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வேலையில் உட்கார்ந்தாள். முதலில் கோப்புக்குள் ஒவ்வொரு பெயரையும் ஊரார், வந்தவர் என்று பிரித்து டேக் போட்டாள். ஊரார் என்று குறித்த பெயர்களுக்கு ஒரு விதி, பச்சை. வந்தவர் என்று குறித்த பெயர்களுக்கு இன்னொரு விதி, மண் நிறம். மண் நிறத்துக்குக் கொஞ்சம் இருட்டுக் கூட்டினாள், அச்சில் மங்கிவிடக் கூடாதென்று. தன் நல்ல மனதை எண்ணித் தானே கொஞ்சம் மெச்சிக்கொண்டாள். பிறகு வாப்பாவின் பெயருக்கு வந்தாள்.

கோப்பில் வாப்பாவின் பெயரை ஊரார் என்று மாற்றிக் குறித்திருந்தால் ஒரு விநாடி வேலை. அவள் மாற்றவில்லை. பொய் எழுதமாட்டாளாம், பெரிய உண்மைக்காரி. உள்ளே அவர் வந்தவராகவே இருந்தார். ஸ்டைல்ஷீட்டில் மட்டும் அவருடைய பெயருக்கென்று தனி விதியொன்று எழுதினாள்: இந்தப் பெயர் வந்தால் பச்சை. வந்தவருக்கான விதியும் அந்தப் பெயரைப் பிடிக்கும், இந்தத் தனி விதியும் பிடிக்கும், இரண்டுக்கும் ஒரே எடை. எடை ஒன்றானால் கடைசியில் எழுதியது வெல்லும். ஆகவே அதைக் கோப்பின் கடைசியில் வைத்தாள். ஓட்டிப் பார்த்தாள். பக்கம் திறந்தது. அபூசாலி என்ற பெயர் நல்ல பச்சையில் நின்றது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்த பெயர் அசனார். வாப்பாவோடு ஒரே வள்ளத்தில் வந்தவர், அந்த ஹவ்ளுக்குச் சாந்து குழைத்துக் கொடுத்தவர். மண் நிறத்தில் இருந்தார். அவருக்குக் கீழே நௌஃபர், அவரும் மண் நிறம். பார்க்காமலில்லை, பார்த்தாள். பார்த்துவிட்டு வேகமாக அடுத்த பக்கத்துக்குப் போனாள்.

அஸர் தொழுதுவிட்டு வந்த வாப்பா வாசலில் செருப்பைக் கழற்றியபடி கேட்டார். "வேலை முடிஞ்சா மகள்?"

"முடிஞ்சு வாப்பா."

"அசனார்ர போட்டோ ஒழுங்கா விழுந்திரிக்கா? அவன் அந்தப் படத்துக்கெண்டு சேர்ட் வாங்கினவன்."

"விழுந்திரிக்கு."

"காட்டுங்களேன் பார்ப்பம்."

"அச்சாகி வரட்டும் வாப்பா. வந்தாப் பிறகு பாருங்க" என்று திரையைச் சாய்த்தாள். ஓர் ஆச்சரியம் வைத்திருக்கிறேன் என்று உம்மா ஜெமீலாவிடம் மட்டும் சமையலறையில் கிசுகிசுத்தாள். என்ன ஆச்சரியம் என்று ஜெமீலா கேட்டதற்குச் சொல்லவில்லை.

வெளியீடு ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு. முற்றத்தில் தகரப் பந்தல். அஃப்ராஸ் ஒலிவாங்கியைப் பிடித்தால் விடுவானா? மலரின் வண்ண வேலைகளெல்லாம் தன் மேற்பார்வையில் நடந்தவை என்றும், இரவு பகல் கண் விழித்ததாகவும் சொன்னான். அவன் கண் விழித்தது உண்மைதான், பட்டப்பகலில், சோற்றுக்கு. ஹாஜியார் ஊர் ஒற்றுமையைப் பற்றிப் பேசினார். இரண்டு நிறத்தில் புத்தகம் போட்டுவிட்டு ஒற்றுமையைப் பற்றிப் பேச ஒரு தைரியம் வேண்டும், அது அவருக்குத் தாராளமாக இருந்தது. பிறகு வீட்டுக்கொன்றாக மலரைப் பங்கிட்டார்கள்.

பெண்களுக்கு மத்ரஸா மண்டபத்தில் இடம். புத்தகம் கைக்கு வந்ததும் எல்லோரும் செய்தது ஒன்றுதான். வாழ்த்துரை, முன்னுரை என்று எதையும் ஏறிட்டும் பார்க்காமல் தங்கள் வீட்டுப் பெயரைத் தேடினார்கள். பக்கங்கள் சரசரத்தன. பிறகு சத்தம் குறைந்தது. ருஷ்தாவின் பக்கத்தில் அசனாரின் மனைவி மர்ளியா இருந்தாள். ஜெமீலாவுக்கு உடம்பு சரியில்லாவிட்டால் கஞ்சி காய்ச்சிக்கொண்டு ஓடி வருகிறவள். அவள் தன் வீட்டுப் பெயரைப் பார்த்தாள். மேலே இருந்த அபூசாலியின் பெயரைப் பார்த்தாள். மீண்டும் தன் வீட்டுப் பெயரைப் பார்த்தாள். புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

"பச்சை உங்களுக்கு நல்லாப் பொருந்துது ஜெமீலாத்தா" என்றாள். பிறகு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நகர்ந்து அடுத்த பாயில் போய் இருந்தாள்.

ஜெமீலா மகளைப் பார்த்தாள். "இதுதானா உங்கட ஆச்சரியம்?"

ருஷ்தாவுக்கு மர்ளியா மேல்தான் முதலில் கோபம் வந்தது. பொறாமை, வேறென்ன. இந்தச் சனம் முன்னேறாததற்குக் காரணமே இதுதான், ஒருத்தன் ஏறினால் காலைப் பிடித்து இழுக்கிறது. ஹாஜியாருக்குச் சொன்ன சொற்களில் பாதியை மனதுக்குள் மர்ளியாவுக்கும் சொன்னாள். சொல்லிக்கொண்டே கம்பி ஜன்னல் வழியாக முற்றத்தைப் பார்த்தாள்.

அங்கே சஹன் வைத்துக்கொண்டிருந்தார்கள். பாய்க்கு நடுவில் ஒரு பெரிய தட்டு, அதில் குவித்த சோறும் இறைச்சியும், சுற்றி ஆறு பேர். ஒரே தட்டில் ஆறு கை. யார் யாரோடு உட்கார வேண்டும் என்று எவரும் எழுதி வைப்பதில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். அந்த வள்ளத்தில் வந்தவர்களில் அபூசாலி, அசனார் உட்பட ஆறு பேர், இந்த ஊரில் எந்தக் கந்தூரி என்றாலும், எந்தக் கலியாணம் என்றாலும், ஒரே சஹனில்தான் உட்காருவார்கள். கடைசிப் பாய், மதிலோரம். எலும்பில்லாத துண்டை அசனார் தேடியெடுத்து வாப்பாவின் பக்கம் தள்ளுவார், வாப்பாவுக்குப் பல் இல்லை என்று. ருஷ்தா சின்ன வயதிலிருந்து பார்த்த காட்சி அது.

வாப்பா ஹவ்ளில் கை கழுவிவிட்டு, புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கியபடி, ஈரக் கையை முன்னால் நீட்டிக்கொண்டு வந்தார். புத்தகத்தைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார், கண்ணாடி வீட்டில் கிடந்தது. கடைசிப் பாய்க்கு வந்தவர் நின்றார். அவர் இடத்தில், எப்போதும் வேறு சஹனில் உட்காருகிற நௌஃபர் இருந்தார்.

"கொஞ்சம் தள்ளு தம்பி" என்றார்.

யாரும் தள்ளவில்லை. அசனார் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே, அண்ணன் முறையில் கூப்பிடுகிற அதே 'நானா'வோடு சொன்னார்.

"இங்க ஆறு பேர் ஆயிட்டு நானா. பச்சைச் சஹன் முன்னுக்கு."

வாப்பாவுக்கு விளங்கவில்லை. அசனார் சுத்தமாக இருந்த இடக்கையால் தன் புத்தகத்தை விரித்துத் தள்ளினார். வாப்பா குனிந்து, கண்ணைச் சுருக்கி, வெகுநேரம் பார்த்தார். எழுத்துத் தெரியாவிட்டாலும் நிறம் தெரியுமே.

முன்னாலிருந்து ஹாஜியாரின் குரல் கேட்டது. "அபூசாலி, இங்க வாங்க. இங்க இடமிரிக்கு." மெய்யாகவே அன்போடுதான் கூப்பிட்டார். தன் பக்கத்துப் பாயைக் கையால் தட்டியும் காட்டினார். முன்வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. ஊர் வாயால் அவரைக் கூப்பிட்டாயிற்று. ருஷ்தா ஆசைப்பட்டது அப்படியே, ஒரு குறையும் இல்லாமல், நடந்துவிட்டது.

வாப்பா முன்னுக்கும் போகவில்லை, பின்னுக்கும் உட்காரவில்லை. ஈரக் கையைக் கட்டியிருந்த சாரத்தில் துடைத்தார். செருப்பை மாட்டினார். வாசலால் வெளியே போனார்.

ருஷ்தா பின்வாசலால் ஓடி வீட்டுக்கு வந்தபோது அவர் அடுப்படிக் கதிரையில் இருந்தார். காலையில் மிஞ்சிய பாண் துண்டை ஆறிய தேத்தண்ணியில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார். கண்ணாடி போட்டிருந்தார். புத்தகம் விரிந்தபடி மேசையில் கிடந்தது.

"வாப்பா, உங்களுக்காகத்தான் செஞ்சன்" என்றாள். "அண்டைக்கு அந்தக் கூட்டத்துல உங்களச் சொன்னாங்களே, அது எனக்கு மறக்கல்ல. ஒரு நாளைக்காவது அவங்க வாயால..."

"அவங்க என்னய அகதி எண்டு சொன்ன நேரம் நாங்க ஆறு பேர் மகள்" என்றார் வாப்பா. "வெளிய வந்து ஆறு பேரும் சிரிச்சம். அசனார் அந்த மனிசன் மாதிரியே நடந்து காட்டினான். எனக்கு அண்டைக்கே அது போயிட்டு."

இவளுக்குத்தான் போகவில்லை. அவருக்கு இல்லாத முள்ளைத் தன் தொண்டையில் வைத்துக்கொண்டு, அதை எடுக்கப்போய் அவர் தொண்டையில் குத்தியிருக்கிறாள்.

"ஹாஜியார்தான் அப்பிடிப் போடச் சொன்ன" என்றாள்.

"அவரு சொல்லுவாரு. அவருக்கென்ன தெரியும்?"

"இண்டைக்கே மாத்துறன் வாப்பா. இணையத்துல இரிக்கிறத இப்பவே மாத்தலாம். கடைசியில ஒரு விதி எழுதியிரிக்கு, அதை எடுத்தாச் சரி. பெயரக்கூடத் தொடத் தேவல்ல. உள்ளுக்கு எல்லாம் சரியாத்தான் இரிக்கு."

வாப்பா தோய்த்த பாணைக் கோப்பையின் விளிம்பில் வைத்தார். "உள்ளுக்கு எண்டா?"

"நிறத்துக்கு உள்ளுக்கு. உங்கட பெயர் ஆரு எண்டு குறிச்சு வச்ச இடம்."

"அதுல என்னய என்ன எண்டு எழுதியிரிக்கீங்க?"

ருஷ்தா மேசையில் விரிந்து கிடந்த புத்தகத்தை மூடினாள்.

"வந்தவர் எண்டு" என்றாள்.

"அசனார?"

"அவரையும் அப்பிடித்தான்."

"அப்ப தெரிஞ்சுதான் செஞ்சிரிக்கீங்க" என்றார் வாப்பா. குரலை உயர்த்தவில்லை. கண்ணாடியைக் கழற்றி உறைக்குள் போட்டார். பாண் ஊறி உடைந்து தேத்தண்ணிக்குள் விழுந்திருந்தது. அதைக் கரண்டியால் அள்ளித் தின்னத் தொடங்கினார்.